பாயசம் சிந்திய பக்கம்

என் பெயர் அர்ஜுனன். போருக்கும் எனக்கும் பெயரளவில்தான் சம்பந்தம். அடுகோடியில் ஒரு பட்டறையில் முப்பத்தாறு வருஷம் லேத் ஓட்டி ஓய்ந்தவன். இப்போது ஜோகுபாளையத்தில் எங்கள் புத்தர் மன்றத்துக்குச் செயலாளர். பெரிய பதவி என்று யாரும் மலைக்க வேண்டாம். காலையில் கதவைத் திறந்து பெருக்குவது, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது, பௌர்ணமியன்று வருகிற நாற்பது ஐம்பது பேருக்குப் பாலி மொழி வரிகளை வாசித்துக் கொடுப்பது, இவ்வளவுதான். தமிழ் எழுத்தில் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்று இருக்கிறது. நான் ஒரு வரி வாசிப்பேன், கூட்டம் திருப்பிச் சொல்லும். இருபத்திரண்டு வருஷமாக வாசிக்கிறேன். இதில் ஒரே ஒரு தடவை பக்கத்தை மாற்றிப் புரட்டினேன். அந்த ஒரு தடவை பாலகுமாரின் தலையில் விடிந்தது.

பாலகுமார் எங்கள் தெருப் பிள்ளை. அம்மா சந்திரம்மா மாநகராட்சியில் தெருக் கூட்டுகிறவர். அப்பா எப்போதோ போய்விட்டார். ஐ.டி.ஐ. முடித்து ஒரு மாலில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருந்தவன், புத்த பூர்ணிமா பாயசத்துக்காக மன்றத்துக்கு வந்தான். பாயசத்துக்குத்தான் வந்தான், நான் அடித்துச் சொல்வேன். ஆனால் வந்தவன் போகவில்லை. தினமும் வந்தான், பாலி படித்தான், இருபத்தைந்தாம் வயதில் கயாவுக்குப் போய்த் தலையை மழித்துத் துவராடை உடுத்தித் திரும்பினான். அன்றிலிருந்து அவன் பெயர் சீலரக்கிதர். ஒழுக்கத்தைக் காப்பவர் என்று பொருள். முந்தின மாதம் வரை "டேய் பாலா, அந்த பெஞ்சை நகர்த்து" என்று ஏவிக்கொண்டிருந்த நான், அவர் காலில் விழுந்து "பந்தே" என்று கூப்பிட வேண்டியதாயிற்று. பிக்குவுக்கு வயது பார்ப்பதில்லை. பெற்றவளும் விழ வேண்டும். சந்திரம்மா விழுந்து எழுந்து, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"இனிமே இவர நான் எப்படிண்ணா திட்டறது?"

பிக்குவுக்கு இருநூற்று இருபத்தேழு விதிகள். அத்தனையும் இங்கே வேண்டாம், இரண்டு போதும். ஒன்று, பிக்கு பெண்ணைத் தொடக்கூடாது. தாயானாலும் சரி. தொட்டால் சின்னக் குற்றம், இன்னொரு பிக்குவிடம் ஒப்புக்கொண்டால் தீரும். மற்றொன்று, பிக்கு மனித உயிரைக் கொன்றால் அந்தக் கணமே அவர் பிக்கு இல்லை. இந்தப் பிறவியில் மறுபடி ஆகவும் முடியாது. தலை வெட்டிய பனை துளிர்க்காது என்பார்கள்.

மன்றத்தில் ஏற்கெனவே ஒரு பிக்கு இருந்தார், இப்போதும் இருக்கிறார். திரிபுராப் பக்கத்திலிருந்து வந்தவர், எண்பதைத் தாண்டியவர். பெரிய பந்தே என்போம். பாலி தெரியும், அரைகுறை இந்தி தெரியும். தமிழும் கன்னடமும் இத்தனை வருஷத்தில் ஒட்டவில்லை. காதும் அப்போது சரியாகக் கேட்காது. யார் என்ன சொன்னாலும் "சாது, சாது" என்பார். நல்லது நல்லது என்று அர்த்தம். கரண்ட் பில் கொண்டுவந்தவனுக்கும் அதுதான் பதில்.

ஆறு வருஷம் சீலரக்கிதர் அப்பழுக்கில்லாமல் இருந்தார். பொறாமைப்படுகிற அளவுக்கு இருந்தார் என்றே சொல்வேன். 2023 ஆகஸ்டில் விடியற்காலை அல்சூரில் கூட்டிக்கொண்டிருந்த சந்திரம்மாவை ஒரு பைக் தட்டிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஏதோ வைத்து முடுக்கி அனுப்பினார்கள். அது கூடவில்லை, செயற்கை மூட்டு வைக்க வேண்டும் என்றார்கள். பிச்சைப் பாத்திரத்திலிருந்து பெற்றவளுக்குச் சோறு கொடுக்கலாம் என்று விதியே சொல்கிறது. சீலரக்கிதர் கொடுத்தார். மூட்டை எந்தப் பாத்திரத்திலிருந்து கொடுப்பது?

அக்டோபரில் ஒருநாள் மத்தியானம். பாத்திரத்தோடு வீட்டு வாசலில் அவர் நிற்கும்போது உள்ளே சந்திரம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். சேலை நனைந்து, ஒரு காலை அசைக்க முடியாமல், ஈரத் தரையில் கிடந்தார். மகன் இரண்டடி தூரத்தில். தொடக்கூடாது. அவர் பக்கத்து வீட்டுக்கு ஓடி அம்புஜத்தைக் கூப்பிட்டார். அம்புஜம் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வர எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், அவர் சொன்னதில்லை. அந்த நேரம் முழுவதும் அவர் வாசற்படியில் நின்றார். உள்ளேயிருந்து அம்மா, "பரவால்ல பந்தே, நீங்க நில்லுங்க, தொட்டுறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "உபாசகரே, நான் சீவரத்த கழட்டப் போறேன்" என்றார். சீவரம் என்பது துவராடை.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "யோசிச்சுச் சொல்றீங்களா பந்தே?" என்று கேட்டேன்.

"வாசப்படியில நின்னு யோசிச்சுட்டேன்" என்றார்.

ஒரு ஏஜெண்ட் அகப்பட்டான். வெளிநாட்டில், ராணுவ முகாமின் சமையற்கட்டில் உதவியாள் வேலை, ஒரு வருஷம், காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும்தான் என்றான். அந்த நாட்டில் போர் நடக்கிறதே என்று நான் கேட்டதற்கு, முகாம் எங்கேயோ பின்னால் இருக்கிறது, குண்டுச் சத்தம்கூடக் கேட்காது என்றான். நாட்டின் பெயரை நான் எழுதவில்லை. அந்த ஏஜெண்ட் மேல் கேஸ் நடக்கிறது, வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார். உறைபனி விழுகிற நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீவரம் கழற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வெறுமனே பேண்ட் மாட்டிக்கொண்டு போனால் ஆகாது. புரிந்துகொள்ளக்கூடிய இன்னொருவர் முன்னால் "சிக்கம் பச்சக்காமி, கிஹீதி மம் தாரேத" என்று வாயால் சொல்ல வேண்டும். பயிற்சியைக் கைவிடுகிறேன், என்னை இல்லறத்தான் என்று கொள்ளுங்கள் என்று பொருள். பிறகு உடை மாற்றி வந்து, இல்லறத்தார் எல்லோரும் எடுக்கிற ஐந்து சீலங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் சீலம் பாணாதிபாதா வேரமணி, அதாவது உயிரைக் கொல்லாமை. அந்தக் கைவிடும் வரியை எந்தப் பிக்குவும் சும்மா வாயால் சொல்லிப் பார்க்க மாட்டார். அதனால் நான் வாசிக்க, அவர் திருப்பிச் சொல்வது என்று ஏற்பாடு.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை. பதினோரு மணிக்கு அடுகோடியில் மெடிக்கல் டெஸ்ட். வாசலில் ஆட்டோ நின்றது, டிரைவர் "பேக பன்னி சார், பேக பன்னி" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். பெரிய பந்தே ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். சீலரக்கிதர் மண்டியிட்டுக் கை கூப்பினார். என் கண்ணில் நீர் கட்டி எழுத்து கலங்கியது. ஆட்டோ அவசரத்தில், கைவிடும் வரியையும் சீலங்களையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு உடை மாற்றுவது என்று புத்தகத்தைப் புரட்டி வாசிக்க ஆரம்பித்தேன். அவர் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொன்னார். முடிந்ததும் பெரிய பந்தே "சாது, சாது, சாது" என்றார். சீலரக்கிதர் உள்ளே போய் என் மகனுடைய பேண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட்டும் இல்லை. சீவரத்தின் இடுப்புக் கயிற்றையே எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக நான் "போலாம் பாலா" என்றேன். நாக்கு கூசியது.

மத்தியானம் வீட்டுக்குப் போய் அம்மாவைப் படுக்கையிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி வாசலில் வெயிலில் உட்கார வைத்தான். சந்திரம்மா அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "பந்தே, இளைச்சுட்டீங்க" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிசம்பரில் அவன் போனான். அடுத்த மாதம் மன்றத்துக்கு வெள்ளையடிக்கப் புத்தகங்களை இறக்கி வைத்தேன். அந்தச் சின்னப் புத்தகத்தின் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஏதோ ஒரு பூர்ணிமாவில் பாயசம் சிந்தியிருக்கிறது. நகத்தால் மெல்லப் பிரித்தேன். உள்ளே இருந்தது கைவிடும் வரி. முன்பக்கத்தில் வணக்கம், பின்பக்கத்தில் ஐந்து சீலங்கள். நான் அன்று வணக்கத்திலிருந்து நேரே சீலங்களுக்குத் தாவியிருக்கிறேன். கைவிடுகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. எடுத்துக்கொள்கிறேன் என்றுதான் ஐந்து தடவை சொல்லியிருக்கிறார். "சாது" என்ற பெரிய பந்தேவுக்கு ஒரு எழுத்தும் காதில் விழுந்திருக்காது.

முட்டாள், முட்டாள் என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். விடாதது விட்டதாகாது. பேண்ட் போட்டுக்கொண்டு கடல் கடந்தவர் இன்னும் பிக்கு. மேலே நான் "அவன், அவன்" என்று எழுதியதெல்லாம்கூடத் தப்பு. போன் செய்து சொல்லலாம் என்றால் அவன் நம்பர் அதற்குள் ஊமையாகிவிட்டது. பின்னால்தான் தெரிந்தது, முகாமில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று. பத்து நாள் காய் நறுக்கவிட்டு, பதினோராம் நாள் சீருடை கொடுத்து, மூன்று வாரத்தில் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக் கொடுத்து, முன்வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அப்படித்தான் இருந்ததாம். எழுத்தே தெரியாத மொழியில் இருந்த காகிதம்.

அவனோடு ஒரே விமானத்தில் போனவன் நோயல். ரிச்சர்ட்ஸ் டவுன் பிள்ளை, இருபத்தெட்டு வயது, ஹோட்டல் பேக்கரியில் ரொட்டி போட்டவன். அம்மா ஆஞ்சலா, கான்வென்ட்டில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லி ரிட்டையர் ஆனவர், கணவர் இல்லை, இவன் ஒரே பிள்ளை. ஏப்ரலில் நோயல் பெட்டியில் வந்தான். ரிச்சர்ட்ஸ் டவுனே திரண்டு வந்து அடக்கம் செய்தது. நானும் போய் ஓரமாக நின்றேன். சந்திரம்மாவின் மகன் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

பாலகுமார் 2025 ஜனவரியில் வந்தான். இடது காலில் இரண்டு விரல் பனியில் அழுகி எடுத்துவிட்டார்கள். அதனால்தான் உயிர் பிழைத்தான், மிச்ச மாதங்கள் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் கழிந்தன. வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் காலையில் மன்றத்துக்கு வந்தான். தலைமுடி நீளமாக வளர்ந்திருந்தது. ஜீன்ஸில் அந்தக் கயிறு இன்னும் கட்டியிருந்தது. நான் ஒரு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"பாலா, என்ன மன்னிச்சுரு. அன்னிக்கு ரெண்டு தாள் ஒட்டிக்கினு இருந்துது. நீ விடவே இல்ல. நான் வாசிச்சது தப்பு."

அவன் என்னைப் பார்த்தான். "எனக்கு அப்பவே தெரியும் மாமா" என்றான்.

நான் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"நீங்க புரட்டறப்பவே பாத்தேன். வணக்கம் முடிஞ்சு சீலம் வந்துது. நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. வாய் வரல. இருக்கட்டுமே, ஒரு சின்னக் கயிறு கட்டியே இருக்கட்டும், ஒரு வருஷம்தானே, வந்து சரி பண்ணிக்கலாம்னு நெனச்சேன். அம்மாவ தூக்குனது சின்னக் குத்தம், ஒப்புக்கிட்டா தீரும்னு கணக்கு போட்டேன்."

பிறகு தரையில் உட்கார்ந்து, விரல் இல்லாத காலை நீட்டி வைத்துக்கொண்டு, நோயலைப் பற்றிச் சொன்னான்.

"அவன் என்ன ஃபாதர்னுதான் கூப்புடுவான் மாமா. கயித்த பாத்து கேட்டான், சொன்னேன். ராத்திரி எனக்காக ஜெபம் பண்ணு ஃபாதர்னு கிண்டல் பண்ணுவான், அப்புறம் நெசமாவே கேப்பான். பிப்ரவரி மாசம். மரங்களுக்கு ஓரமா ஒரு குழி, அதுல நாங்க ரெண்டு பேரு. காலையில எட்டு மணி இருக்கும். காவல் என் முறை. நோயல் பின்னால முதுக காட்டிக்கினு டப்பாவுல பனிய உருக்கினு இருந்தான், டீக்கு. அப்ப மரத்துக்கு நடுவுல இருந்து ஒருத்தன் வந்தான். அந்தப் பக்கத்து ஆளு. தனியா. என்ன பாக்கல. நோயலத்தான் பாத்தான். துப்பாக்கிய தூக்கறான். என் துப்பாக்கி ஏற்கெனவே அவன் மேலதான் இருக்குது. இருபதடி. கண்ண மூடிக்கினு சுட்டாலும் படும்."

தெருவில் காஸ் சிலிண்டர் வண்டி தட்டிக்கொண்டு போயிற்று.

"ரெண்டு மூச்சு விடற நேரம் இருந்துது மாமா. விரல் வரல. நீங்க வாசிச்ச குரல்லயே கேட்டுது, பாணாதிபாதா வேரமணின்னு. நான் இன்னும் பிக்கு, இத அழுத்துனா முடிஞ்சுது, தலை வெட்டுன பனைன்னு மனசு சொல்லுது. அப்புறம் நோயல்னு கத்துனேன். கத்துனதும் அந்த ஆளு பயந்து சுட்டுட்டு ஓடிட்டான். கத்தாம இருந்தா சுட்டிருப்பானோ மாட்டானோ, அதுவும் தெரியல."

"நீ ஒரு உயிரக் கொல்லல பாலா" என்றேன். வேறென்ன சொல்வது?

"ஐயோ மாமா, அதான் இல்லேங்கறேன்." அவன் குரல் உடைந்தது. "அந்த ஆளோட உயிர நெனச்சு நான் நிக்கல. அவன் மேல எனக்கு இரக்கமே வரல. நான் என் சீவரத்த நெனச்சேன். நான் கெட்டுறக் கூடாதுன்னு நெனச்சேன். அம்மா விழுந்தப்ப வாசப்படியில நின்னேன். நோயல் விழுந்தப்பவும் அப்படியேதான் நின்னேன்."

நான் அழுதேன். சொல்வதில் வெட்கம் என்ன.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "பெரிய பந்தேவ கூப்புடுங்க. இப்ப சரியான பக்கத்த வாசிங்க."

பெரிய பந்தேவுக்கு அதற்குள் நாங்கள் காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டிருந்தோம். அவர் வந்து அமர்ந்தார். நான் அந்தத் தாளை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். "சிக்கம் பச்சக்காமி. கிஹீதி மம் தாரேத." பாலகுமார் மூன்று தடவை தெளிவாகச் சொன்னான். பெரிய பந்தே இந்த முறை "சாது" என்று சொல்லவில்லை. கேட்டது, புரிந்தது என்று தலையை மட்டும் அசைத்தார். பாலகுமார் கயிற்றை அவிழ்த்து அவர் காலடியில் வைத்தான்.

அடுத்து ஐந்து சீலங்கள். நான் முதல் வரியை வாசித்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. மறுபடி வாசித்தேன்.

"அது வேணாம் மாமா. ரெண்டாவதுல இருந்து வாசிங்க. அந்த வரிய வெச்சுக்கினு நான் என்ன பண்ணேன்னு எனக்குத் தெரியும். அத சொல்ல எனக்கு வாய் இல்ல."

திருடாமை, தகாத உறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, கள் உண்ணாமை. நான்கை மட்டும் எடுத்துக்கொண்டான். பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்ன கையோடு, "ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வர்றீங்களா?" என்று கேட்டான்.

ஆஞ்சலா அவனைப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தார். நோயல் முதல் வாரங்களில் போனில் பேசும்போது, என்னோடு ஒரு புத்த சாமியார் இருக்கிறார், நல்ல மனுஷன், பயப்படாதே என்று சொல்லியிருக்கிறான். மகன் கடைசி மூச்சு விடும்போது ஒரு பக்திமான் பக்கத்தில் இருந்து ஜெபித்தார் என்ற நினைப்பில் அந்த அம்மாள் கிட்டத்தட்ட ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறார். வழியில் ஆட்டோவில் நான் சொன்னேன்.

"பாலா, அந்தம்மா கேட்டா ஜெபம் பண்ணேன்னு மட்டும் சொல்லு. அது பொய் இல்லயே. மிச்சத்த சொல்லி என்ன ஆகப் போவுது?"

எனக்கே என் பேச்சு பிடிக்கவில்லை.

ஆஞ்சலா கதவைத் திறந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மேஜையில் கேக், டீ. சுவரில் நோயல், வெள்ளைத் தொப்பியோடு. "சொல்லு தம்பி. எம்புள்ள கஷ்டப்பட்டானா? நீ பக்கத்துல இருந்தியே" என்றார்.

"கஷ்டப்படல ஆன்ட்டி, உடனே போயிட்டான்" என்றான் பாலகுமார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. காவல் தன் முறை என்பதை, இருபதடியை, இரண்டு மூச்சை, சீவரத்தை நினைத்ததை, என்னிடம் சொன்ன வரிசையிலேயே சொன்னான். ஒன்றையும் மழுப்பவில்லை.

அந்த அம்மாள் அவன் கையை எப்போது விட்டார் என்று நான் கவனிக்கவில்லை. "சுட்டிருக்கலாமே தம்பி" என்றார். சத்தம் போடவில்லை, டீச்சர் கணக்கைத் திருத்துகிற குரலில் சொன்னார்.

"ஆமா ஆன்ட்டி."

"உன்ன மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லணும். எங்க சாமி அப்படித்தான் சொல்லியிருக்குது. என்னால இன்னிக்கு முடியாது." எழுந்து கதவைத் திறந்தார். "அடுத்த ஞாயித்துக்கிழம வா. அன்னிக்கு முடியுதான்னு பாக்கலாம்."

அவன் போனான். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும். இப்போது அல்சூரில் ஒரு கேன்டீனில் வேலை செய்கிறான், காலை ஷிப்ட். கேன்டீன் முதலாளியும் நாங்களும் சேர்ந்து சந்திரம்மாவுக்கு மூட்டு வைத்தோம். அம்மாவைக் கையால் பிடித்துத் தெருக்கோடி வரை நடத்துகிறான். ஞாயிறு பூசை முடிகிற நேரத்துக்கு ரிச்சர்ட்ஸ் டவுன் போய்விடுவான். ஆஞ்சலா கதவைத் திறப்பார், டீ கொடுப்பார், நோயலைப் பற்றி ஏதாவது கேட்பார். கிளம்பும்போது, "இன்னிக்கும் முடியல தம்பி" என்பார். பௌர்ணமியில் மன்றத்துக்கு வருவான். முதல் சீலத்தை வாசிக்கும்போது ஐம்பது குரலில் ஒரு குரல் மட்டும் வராது. எனக்கு அந்த ஒரு குரல் இல்லாததுதான் பெரிதாகக் கேட்கும்.

மே மாதம் நம் ஊருக்கே போர்ப் பேச்சு வந்தது. எல்லையில் குண்டு விழுகிறது என்று எல்லாப் போனிலும் ஓடியது. ஒருநாள் சாயங்காலம் அல்சூரில் ஒத்திகைக்குச் சைரன் ஊதினார்கள். டீக்கடையில் நின்றவர்கள் கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். "போட்டுத் தள்ளணும் சார்" என்று என்னிடம் ஒருவன் சொன்னான். கேன்டீனில் பாலகுமார் சாம்பார் வாளியை அப்படியே வைத்துவிட்டு, சுவரோரம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டானாம். சைரன் நின்று அரை மணி நேரம் ஆகியும் எழவில்லை என்று முதலாளி எனக்குப் போன் செய்தார்.

அடுத்த திங்கட்கிழமை புத்த பூர்ணிமா. மன்றத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம், அண்டா நிறையப் பாயசம். நான் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது வாசலில் ஆஞ்சலா நின்றிருந்தார். கழுத்தில் சிலுவை, கையில் ஜபமாலை. எங்கள் மன்றத்துக்கு அவர் வந்ததே இல்லை. அம்புஜம் நாற்காலி போட்டாள். அவர் அதில் உட்காராமல் நேரே நடந்து வந்து பாலகுமாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவன் பதறி எழப் போனான். தோளைப் பிடித்து அமர்த்தினார்.

நான் ஆரம்பித்தேன். வணக்கம் முடிந்தது. "பாணாதிபாதா வேரமணி சிக்காபதம் சமாதியாமி." கூட்டம் திருப்பிச் சொன்னது. அவன் சொல்லவில்லை.

"இதுவா அந்த வரி?" என்று ஆஞ்சலா என்னைக் கேட்டார்.

ஆமாம் என்றேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"நீ ஏன் சொல்லல?" என்று அவனைக் கேட்டார்.

"எனக்கு தகுதி இல்ல ஆன்ட்டி. நான் அத எனக்காக வெச்சுக்கினேன். நோயல விட்டுட்டு அத காப்பாத்துனேன்."

"தெரியும். பதினாறு ஞாயித்துக்கிழமயா கேக்கறேன்." ஆஞ்சலா ஜபமாலையை விரலில் சுற்றிக்கொண்டார். "அன்னிக்கு சைரன் ஊதுச்சே, எங்க பக்கத்து வீட்டுல கை தட்டறாங்க. அடி, கொல்லுங்கறாங்க. சின்னப் பசங்க. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? எம்புள்ள போனது இந்த ஒரு வரிக்காக. நீ எதுக்கு வெச்சுக்கினியோ, அது உனக்கும் உன் சாமிக்கும். ஆனா இப்ப நீ அதையும் தூக்கிப் போட்டுட்டா அவன் எதுக்குப்பா செத்தான்? சும்மாவா?"

அவன் தலை குனிந்து விம்மினான்.

"நான் உன்ன மன்னிக்கல இன்னும்" என்றார் ஆஞ்சலா. "அது வேற. அதுக்கு ஞாயித்துக்கிழம வா. இத இப்ப சொல்லு."

பெரிய பந்தே காது மெஷினைத் தடவிச் சரி செய்துகொண்டார். நான் முதல் வரியை மறுபடி வாசித்தேன். புத்தகத்தைப் பார்க்கவில்லை. பாலகுமார் வாயைத் திறந்தான். முதல் வார்த்தையில் குரல் வரவில்லை, இரண்டாவதில் வந்தது, கடைசி வரை சொன்னான். ஆஞ்சலா ஜபமாலையைப் பிடித்த கையை அவன் முதுகில் வைத்திருந்தார். வரி முடியும் வரை எடுக்கவில்லை.

இரண்டாவது சீலத்தை வாசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.